அங்கிள் ஜியின் வரவுக் கணக்கு

2022 அக்டோபர் 19, புதன்: எட்மன்டன் – கம்லூப்ஸ்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து அபட்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த பஞ்சாபிப் பெரியவர், நாங்கள் அங்கிள் ஜி என்று அழைப்பவர், திங்கட்கிழமை இரவு தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். வெள்ளிக்கிழமை தகனம் என்று அவருடைய மகன் செய்தி அனுப்பியிருந்தான். எண்பது வயது. நான் அவருக்கு உறவுமில்லை, ஊருமில்லை. 2008 செப்டம்பரில் ஃப்ரேசர் வேலி பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, பேசி வைத்திருந்த அறை கைவிட்டுப் போய், சீக்கியர் கோயிலான குருத்வாராவில் இலவசமாகச் சோறு போடுவார்கள் என்று கேள்விப்பட்டுப் பசிக்காகவே அங்கே போய் உட்கார்ந்த திருநெல்வேலிப் பையன். தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, இரவு எங்கே படுக்கிறாய் என்று கேட்டார். அன்றிரவு முதல் நான்கு மாதம் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தேன். மாதம் 350 டாலர் வாடகை என்று நானாகவே சொல்லிக்கொண்டேன்; அதில் ஒரு டாலரைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கின்படி 1,400 டாலருக்கு ஒரு காசோலை எழுதி, உறையிலிட்டு, காரின் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். ஜாஸ்பரைத் தாண்டி மாகாண எல்லையைக் கடந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. ராப்சன் சிகரம் மேகமே இல்லாமல் முழுதாகத் தெரிந்தது. அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. புளூ ரிவருக்குச் சற்று முன்னால், கைபேசிக்குச் சிக்னலே கிடைக்காத இடமாகப் பார்த்து, பின்சக்கரம் பஞ்சரானது. மாற்றுச் சக்கரம் இருந்தது, ஜாக்கி இருந்தது, போல்ட் கழற்றும் ஸ்பேனரைக் காணோம். போன கோடையில் யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறேன். நாற்பது நிமிடம் நின்றேன். நான்கைந்து கார்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. பிறகு ஒரு பெரிய சரக்கு லாரி, வெகு தொலைவிலிருந்தே விளக்கை மினுக்கிக்கொண்டு வந்து ஓரம் கட்டியது. இறங்கியவனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. நீலத் தலைப்பாகை, காலில் ரப்பர் செருப்பு. பத்து நிமிடத்தில் சக்கரத்தை மாற்றிவிட்டு, பணம் எடுத்த என் கையைப் பார்க்காமல் ஃபிளாஸ்கைப் பார்த்தான். பில்டர் காப்பியை இரண்டு கோப்பை குடித்தான். எங்கே போகிறேன் என்று கேட்டதற்குச் சொன்னேன். பஞ்சாபில் எந்த ஊர்க்காரர் என்று கேட்டான். ஜலந்தர் பக்கம் என்றேன். தனக்குத் தெரியாதவர் என்று சொல்லிவிட்டு, கைகூப்பி ‘வாஹேகுரு’ என்று கடவுள் பெயரைச் சொன்னான். அவ்வளவுதான்.

சிறிய மாற்றுச் சக்கரத்தில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாதாகையால், கம்லூப்ஸ் வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. சாப்பிட்டது ஒரு பெட்ரோல் நிலையத்தின் முட்டை சாண்ட்விச். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

2022 அக்டோபர் 20, வியாழன்: கம்லூப்ஸ் – அபட்ஸ்ஃபோர்டு

புது டயர் 214 டாலர். பெட்ரோல், எட்மன்டனைவிட லிட்டருக்கு முப்பது சென்ட்டுக்கு மேல் அதிகம்.

கொக்கிஹாலா நெடுஞ்சாலையில் சென்ற ஆண்டு நவம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டு போன பாலங்களை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்; பல இடங்களில் ஒற்றை வரிசையாக ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தது. ஹோப்பை நெருங்கும்போது புகை வந்துவிட்டது. அக்டோபர் பிற்பாதியில் இந்தப் பக்கம் மழை இல்லாத நாள்தான் செய்தி. இந்த ஆண்டோ கோடை முடியவே இல்லை, காடுகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. ஃப்ரேசர் பள்ளத்தாக்கின் இரு மலைகளும் மறைந்து, சூரியன் செம்புத் தட்டுப் போலத் தொங்கியது. அந்த மங்கலில் சாலையின் இருபுறமும் புளூபெரித் தோட்டங்கள் மட்டும் இரத்தச் சிவப்பாக இருந்தன. பழம் நீலம், பூ வெள்ளை, இலை உதிர்வதற்கு முன் இந்தச் சிவப்பு. இங்கே இருந்த காலத்தில் இதை ஏன் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை.

நகராட்சித் தேர்தல் சனிக்கிழமைதான் முடிந்திருந்ததால், புல்வெளிகளில் வேட்பாளர்களின் பலகைகள் இன்னும் நின்றன. அவற்றில் பஞ்சாபிப் பெயர்களும் இருந்தன. 1907 முதல் 1947 வரை இந்த மாகாணத்தில் இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமையே கிடையாது என்பதை எனக்கு முதலில் சொன்னவர் அங்கிள் ஜிதான். ஒவ்வொரு தேர்தலின் போதும் பேஸ்மென்ட்டில் இருப்பவர்களை உட்கார வைத்துச் சொல்வார். கேட்கிறவர்களில் வாக்குரிமை உள்ளவர் ஒருவரும் இருக்கமாட்டோம்.

வீட்டு வாசலில் நூறு ஜோடி செருப்பாவது கிடந்திருக்கும். கூடத்து நாற்காலி மேசைகளை அகற்றிவிட்டு, தரை முழுவதும் வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வருகிறவர்கள் கைகூப்பி உட்கார்கிறார்கள். சிறிது நேரம் ஒன்றும் பேசுவதில்லை. பிறகு இறந்தவரைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்கிறார்கள். ஒப்பாரி இல்லை. அழுகை அடுத்த அறையில் பெண்களிடமிருந்து அவ்வப்போது எழுந்து அடங்கியது. பீஜி, அவருடைய மனைவி, என்னைக் கண்டதும் ‘மத்ராசி வந்துவிட்டானா, சாப்பிட்டானா?’ என்று மருமகளிடம் கேட்டார். அடுப்பு மூட்டவில்லை, அண்டை வீட்டார் மூவர் முறை வைத்துக்கொண்டு பருப்பும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். ஏலக்காயும் பெருஞ்சீரகமும் போட்டுக் கொதிக்கவைத்த தேநீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

விரிப்பில் அமர்ந்து மூன்று மணி நேரம் கேட்டதிலிருந்து நான் அறியாத பல செய்திகள் கிடைத்தன. 1967இல் கனடா குடியேற்றத்துக்குத் தகுதியைப் பார்த்துப் புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்த பிறகு கதவு திறந்தது. அவர் 1971இல் வந்தார். வந்த முதல் வாரத்தில் முடியை வெட்டிக்கொண்டார். தலைப்பாகை கட்டியவருக்கு மரமில்லில் வேலை கிடைப்பது அரிது என்று முன்னால் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஃப்ரேசர் ஆற்றங்கரை மில்லில் ‘கிரீன் செயின்’ வேலை: அறுத்து ஈரத்தோடு சங்கிலியில் ஓடிவரும் பலகைகளை இழுத்துத் தரம் பிரித்து அடுக்குவது. அதில்தான் இடக்கை மோதிர விரலில் பாதி போயிற்று. தொழிற்சங்கத்தில் பணிமூப்பு உறுதியானதும், இனி எவனும் அசைக்க முடியாது என்று தெரிந்துகொண்டு, முடியை மறுபடி வளர்த்தார். பதினோரு மாதம் கழித்து முதன்முதலாகத் தலைப்பாகையோடு மில்லுக்குப் போன அன்று, மேற்பார்வையாளர் அவரை அடையாளம் தெரியாமல் வாயிலில் நிறுத்திவிட்டாராம். சொன்ன கிழவர் அதைச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்; எல்லோரும் சிரித்தோம்.

பீஜி அந்த ஆண்டுகளில் பெரி பறித்தார். எடைக்குக் கூலி. ஒப்பந்தக்காரர்கள் தொழிலாளர் கூலியில் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியைப் பருவம் முடியும் வரை பிடித்து வைத்துக்கொள்வது அன்றைக்கு வழக்கம். குடும்பங்கள் மாட்டுக் கொட்டகைகளைத் தடுத்த அறைகளில் தங்கின. 1980இல் பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் கட்டியது இதையெல்லாம் எதிர்த்துத்தான். அங்கிள் ஜி பின்னாளில் தாமே இருபது ஏக்கர் வாங்கி முதலாளியானபோது, ஒப்பந்தக்காரரை இடையில் வைக்காமல், சனிக்கிழமைதோறும் கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்தார். அதனால் ஒப்பந்தக்காரராக இருந்த மைத்துனர் பதினைந்து ஆண்டுகள் பேச்சை நிறுத்திவிட்டாராம். அந்த மைத்துனரும் அதே விரிப்பில், சுவரோரம், யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

2022 அக்டோபர் 21, வெள்ளி: தகனம்

விடியற்காலை நான்கு மணிக்குக் கூரையில் சத்தம் கேட்டு விழித்தேன். மழை. பேஸ்மென்ட்டில் என்னோடு படுத்திருந்த மூன்று மாணவர்களும் எழுந்துவிட்டார்கள். மூவரும் சென்ற மாதம்தான் வந்தவர்கள். அவர்களுக்கு இந்த ஊரில் இதுதான் முதல் மழை. காலையில் வெளியே வந்தபோது புகை கழுவப்பட்டு மலைகள் திரும்ப வந்திருந்தன.

மயானம் டெல்டாவில். நெரிசலில் ஒரு மணி நேரப் பயணம். நீண்ட மண்டபத்தில் உடல் திறந்த பெட்டியில் இருந்தது. வெளிர்மஞ்சள் தலைப்பாகை கட்டி, தாடியைச் சீவி, பூக்களால் மூடியிருந்தார்கள். வரிசையாகச் சென்று பார்த்தோம். கீர்த்தன் சோஹிலா ஓதினார்கள். சீக்கியர்கள் இரவு படுக்கப் போகும்போது சொல்லும் அதே பாட்டைத்தான் சிதைக்கும் சொல்கிறார்கள். பிறகு நெருங்கியவர்களை மட்டும் உள்ளே அழைத்தார்கள். என்னையும் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். எங்கள் ஊரில் கொள்ளிச்சட்டி தூக்கி, மொட்டையடித்து, திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொல்வார்கள். இங்கே மகன் ஒரு பொத்தானை அழுத்தினான். இரும்புக் கதவு இறங்கியது. பொத்தானை அழுத்திய விரலை அவன் வெகு நேரம் மற்ற கையால் பிடித்துக்கொண்டே நின்றான்.

அங்கிருந்து நேரே அபட்ஸ்ஃபோர்டு குருத்வாராவுக்கு, போக் எனப்படும் நிறைவுச் சடங்குக்கு. கோயிலுக்குள் நுழையும்போது தலையிலிருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிப் பழகிய எனக்கு, இங்கே தலையை மூடிக்கொண்டு நுழைவது இன்றைக்கும் சற்றுத் தலைகீழாகத்தான் இருக்கிறது. அர்தாஸ் என்ற வேண்டுதல் முடிந்ததும், சீக்கியர்களின் வேதநூலான குரு கிரந்த் சாஹிபிலிருந்து ஹுக்கம்நாமா என்ற அருள்வாக்கை வாசித்தார்கள். அதன் பின் குடும்பத்தார் அனைவர் முன்னிலையிலும் மகனுக்குத் தலைப்பாகை கட்டும் சடங்கு நடந்தது. அப்பன் போனால் நாம் முடியை இழக்கிறோம். இவர்கள் தலையில் ஒரு பொறுப்பை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

உறையைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். குரு கிரந்த் சாஹிப் முன்னால் விழுந்து வணங்கி உண்டியலில் காணிக்கை இடுவதற்கான வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்தவர்கள் ஒரு டாலர் நாணயமும் ஐந்து டாலர் தாளுமாகப் போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். அந்த வரிசையில் ஓர் உறையை நீட்டுவது எனக்கு விளம்பரம் போலப் பட்டது. நானும் ஐந்து டாலர் போட்டுவிட்டு நகர்ந்தேன். கடா பிரசாதத்தை இரு கைகளையும் குவித்து ஏந்தினேன். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. அல்வா ஊரில் பிறந்தவன் சொல்கிறேன், அந்தச் சூட்டில் அதற்கு ஈடு குறைவு.

லங்கர் எனப்படும் குருத்வாராவின் பொதுப் பந்தியில் உளுந்துப் பருப்பு, உருளைக்கிழங்கு காலிபிளவர், தயிர், ரொட்டி, பாயசம். இவற்றோடு ஜிலேபியும் லட்டும் பரிமாறினார்கள். இறப்பு வீட்டில் ஜிலேபியா என்று பேஸ்மென்ட்டிலிருந்த கேரளத்து மாணவன் என் காதில் கேட்டான். பேரன் பேத்தி எடுத்து நிறைவாகப் போனவருக்குப் பஞ்சாபில் இப்படித்தான் செய்வார்களாம். எங்கள் ஊரில் கல்யாணச் சாவு என்போம் என்று சொன்னேன், அவனுக்குப் புரிந்தது.

தரையில் கால் மடித்து உட்கார்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த மாகாணத்துக் குருத்வாராக்கள் பலவற்றில் ஒரு காலத்தில் மேசை நாற்காலியில் உட்கார்ந்துதான் உண்டார்கள். 1998இல், லங்கரைத் தரையில் அமர்ந்தே உண்ண வேண்டும் என்று சீக்கியர்களின் உச்ச மதபீடமான அமிர்தசரஸின் அகால் தக்தில் இருந்து ஆணை வந்து, சமூகமே இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. அங்கிள் ஜிக்கு மில் வேலையில் முழங்கால்கள் போய்விட்டிருந்தன. தரையில் உட்கார முடியாது. நாற்காலி கேட்டால் ஒரு கட்சி, கேட்காவிட்டால் மறு கட்சி. ஆகவே அவர் எந்தப் பக்கமும் சேராமல், சமையலறையில் நின்றபடியே நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் தட்டுக் கழுவினார். நான் அவரை முதலில் பார்த்ததும் அப்படித்தான். அதைப் பணிவு என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். பாதி பணிவு, பாதி தந்திரம் என்று அவர் மகன் இன்றைக்குச் சொன்னான்.

2022 அக்டோபர் 22, சனி: மேட்டுக் கோயிலும் ஒரு நோட்டும்

மழை விடவில்லை. விருந்தாளியாக வந்த யாரையும் அங்கிள் ஜி முதலில் அழைத்துப் போகும் இடம் சவுத் ஃப்ரேசர் வே சாலையின் மேட்டிலுள்ள பழைய குருத்வாரா. இன்று பேத்தியோடு போனேன். அவளுக்குப் பதினாறு வயது. மரத்தாலான இரண்டு மாடிக் கட்டடம். முகப்பைத் தொலைவிலிருந்து பார்த்தால் பழைய அமெரிக்கக் கடைத்தெருக் கட்டடம் போலவே இருக்கும். 1911இல் கட்டி, 1912 பிப்ரவரியில் திறந்தார்கள். வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் சீக்கியக் கோயில்களில் இதுவே மிகப் பழையது. 2002இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மில் ஏரிக்கரை மரமில்லில் வேலை செய்தவர்கள், மில்காரர் கொடுத்த பலகைகளை, வேலை முடிந்த பிறகு முதுகில் சுமந்து இந்த மேடு ஏறினார்கள். கீழ்த்தளத்தில் இருந்த லங்கர் கூடம் இப்போது அருங்காட்சியகம். இந்தியர்களை ஏற்றி வந்த கோமகாட்டா மாரு கப்பலின் 376 பயணிகளில் பெரும்பாலோர் 1914இல் வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் இறங்க விடாமல் நிறுத்தப்பட்டதும், கரையிலிருந்த சீக்கியர்கள் பணம் திரட்டிக் கப்பல் வாடகையைக் கட்டப் போராடியதும், இறுதியில் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டதும் இங்கே சொல்லப்படும் வரலாறு. அங்கிள் ஜி இந்தக் கதைகளைச் சொல்லும்போது கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பலகையைச் சுமந்தவர்களில் எத்தனை பேர் கைக்குழந்தை முகத்தைக்கூடப் பார்க்காமல் மனைவியைப் பஞ்சாபில் விட்டு வந்தவர்கள், அவர்களுக்கு யார் ரொட்டி சுட்டிருப்பார்கள் என்பதுதான் அவர் கேள்வி.

பேத்தி திரும்பும் வழியில், ‘பாபா ஜியின் நோட்டு ஒன்று இருக்கிறது, உங்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார்’ என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினான்கு ஆண்டு வாடகைப் பாக்கி ஒருவேளை வட்டியோடு அதில் இருக்கலாம்.

கெட்டி அட்டை போட்ட நீல நோட்டு. குர்முகி எழுத்து, சனிக்கிழமைப் பள்ளியில் கற்றதை வைத்து அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள், தடுக்கிய இடத்தில் பீஜி திருத்தினார். முதல் பக்கம் 1971. ‘ஊர்க்காரர் அறையில் படுக்கை, 9 இரவு.’ ‘சீனப் பெரியவர், கையுறை 1 ஜோடி.’ ‘மில் வெள்ளைக்காரர், விரல் போன அன்று மருத்துவமனைக்குக் காரில்.’ அடுத்தடுத்த பக்கங்களும் அப்படியே. கொடுத்ததைப் பற்றி ஒரு வரியில்லை. நோட்டு முழுவதும் வாங்கியது மட்டும்தான். சில வரிகளின் மேல் கோடு போட்டிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, அந்த ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தம் என்றார் பீஜி. அதன் பக்கத்திலேயே வேறொரு பெயர் இருக்கும். செத்தவருக்குப் பட்ட கடனை இந்த வேறொருவருக்குக் கட்டியிருக்கிறார்.

2008 பக்கத்தில் நான் இருந்தேன். ‘மத்ராசி புத்தர்.’ பஞ்சாபியில் புத்தர் என்றால் மகன். அவர் முதன்முதலில் என்னை அப்படி அழைத்தபோது, என்னுடைய அமைதியான முகத்தைப் பார்த்துப் புத்தர் என்கிறார் என்று நான் சில நாள் பெருமையோடு திரிந்தேன். என் பெயரின் கீழே: ‘பனி வாரியது, 2 முறை. அரசாங்கக் கடிதம் படித்துச் சொன்னது. வெள்ளை ரொட்டி, புளித்தது, 6.’ அது இட்லி. நவம்பரில் மாவு பொங்காமல் கல்லாய்ப் போன இட்லி. வாடகை தராமல் இருக்கிறோமே என்ற கூச்சத்தில் நான் செய்தவற்றையெல்லாம் தமக்கு ஏறிய கடனாக அவர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமும், கொஞ்சம் கோபமும்தான் வந்தது. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் எதிராளி எந்தக் காலத்தில் கடனைத் தீர்ப்பது?

கடைசிப் பக்கம் சென்ற ஆண்டு நவம்பர். அபட்ஸ்ஃபோர்டின் சுமாஸ் சமவெளி வெள்ளத்தில் மூழ்கி, ஹோப்பில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டு, குருத்வாராக்கள் ஹெலிகாப்டர் பிடித்து உணவு அனுப்பிய நாட்கள். எழுபத்தொன்பது வயதில் இவர் இரவெல்லாம் ரொட்டி உருட்டினார் என்று நேற்று மூன்று பேர் சொன்னார்கள். நோட்டில் இருப்பது ஒரே வரி: ‘இளைஞர்கள் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள்.’

2022 அக்டோபர் 23, ஞாயிறு: அபட்ஸ்ஃபோர்டு – எட்மன்டன்

கொக்கிஹாலாவில் பனி விழத் தொடங்கியிருப்பதாகச் செய்தி வந்ததால், ஆறு மணிக்கே புறப்பட வேண்டியிருந்தது. பீஜி விழித்திருந்தார். உறையை அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்பார், நான் வற்புறுத்த வேண்டும் என்று இந்தியில் நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் உறையைப் பிரித்து, காசோலையைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, எண்ணை இருமுறை வாய்விட்டுப் படித்து, ‘நல்லதாய்ப் போயிற்று, பேஸ்மென்ட் ஃபர்னஸ் இந்தக் குளிருக்குத் தாங்காது, பையன்கள் நடுங்குகிறார்கள்’ என்று சொல்லி முக்காட்டு ஓரத்தில் முடிந்துகொண்டார். பிறகு பேத்தியை எழுப்பி நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவள் தூக்கக் கலக்கத்தில் மத்ராசி என்பதைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

வெண்ணெய் தடவிய பன்னிரண்டு ரொட்டி, மாங்காய் ஊறுகாய், ஒரு பை நிறைய உறைய வைத்த புளூபெரி, அதோடு அங்கிள் ஜியின் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனர். பஞ்சர் கதையை மகன் வீட்டில் சொல்லியிருக்கிறான்.

மலையில் பனி கால் அங்குலம்கூட இல்லை. வேல்மவுண்ட்டில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நான்கு ரொட்டியை ஊறுகாயோடு ஆறினபடியே தின்றேன். வெளியே இரண்டு டிகிரி. புளூபெரி எட்மன்டன் வருவதற்குள் உருகி, பின் இருக்கையெல்லாம் நீலமாகிவிட்டது.